கடைக்குள் நான் இருக்க, டிவியில் எரிந்த என் கடை

யாங்கூன் லான்மடாவில் என் துணிக்கடையில் மத்தியான வியாபாரம். ஒரு அம்மாவுக்குக் கைலியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது நாகப்பட்டினத்திலிருந்து தங்கை போன் செய்தாள். ஒரே அழுகை.

"நானா, உசிரோட இருக்கியளா?" அண்ணனை நானா என்பதுதான் எங்கள் வழக்கம்.

"என்னம்மா ஆச்சு? கடையிலதான் இருக்கேன்."

"பொய் சொல்லாதிய. உங்க கடை எரியுறதை டிவியில காட்டுறான்."

அவள் அனுப்பிய வீடியோவைத் திறந்தேன். எங்கள் தெரு. என் கடைப் பலகை. அதை ஒட்டி நெருப்பு. 'யாங்கூனில் கலவரம்' என்று சிவப்பு எழுத்து ஓட, ஒருவர் மூச்சிரைக்கப் பேசிக்கொண்டிருந்தார். கைலியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். புகை இல்லை, வெயில்தான். என் கடையிலேயே உட்கார்ந்திருந்த நான், அது எரிகிறதா என்று வெளியே வந்து பார்த்திருக்கிறேன்!

மறுபடி பார்த்ததும் தெரிந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் பக்கத்துக் கடையில் மின்கசிவால் பிடித்த தீ அது. அன்று வாளியோடு முதலில் ஓடிவந்தவர் எதிரே மருந்துக்கடை வைத்திருக்கும் பர்மிய அக்கா.

சற்று நேரத்தில் அதே வீடியோ பர்மிய எழுத்தோடு எங்கள் தெருவுக்கும் வந்தது. தீ வைத்தது எங்களைப் போன்ற முஸ்லிம்கள் என்றது. அக்கா அவசரமாக ஷட்டரை இழுப்பதைப் பார்த்து ஓடினேன்.

"அமா, இது அந்தப் பழைய தீ. நீங்கதானே தண்ணி ஊத்தினீங்க!" என்றேன் பர்மியில்; அமா என்றால் அக்கா.

போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆமா, நான்தான் ஊத்தினேன். ஆனா செய்தியில சொல்றாங்களே."

ஓர் அடி பின்னால் போய் ஷட்டரை இறக்கிவிட்டார். என்னைப் பார்த்து அவர் பயந்து நான் கண்டது அன்றுதான்.

அன்று இரவு தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. காலையில் கடைகள் திறந்தன. அக்கா என் கடைக்கு வந்தார். "கண்ணால பார்த்ததை விட்டுட்டுச் செய்தியை எப்படி நம்பினேன்?" என்று கேட்டார். உட்காரச் சொன்னேன்.

தங்கைக்காகக் கடையை வீடியோ எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டு மறுபடி அழுதாள்.

"எங்களைத் தேத்துறதுக்குப் பழைய வீடியோவை அனுப்புறியளா, நானா?"