டயகம மூன்றாம் லயத்துப் பிள்ளை

மழைத்தண்ணீர் வழியும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சிறுமியின் படம், அதன் பக்கத்தில் 'சலக் சலக்' என்று குலுங்கும் தகர உண்டியல், டீசல் புகையோடு கலந்து வரும் பருப்பு வடை வாசம்: ஹட்டன் பஸ் நிலையம் என்றால் எனக்கு இன்றும் இவைதான் நினைவுக்கு வரும்.

அப்போது எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூட உடற்பயிற்சிக் குழுவில் சேர வெள்ளைச் சப்பாத்து வேண்டும், வெறுங்காலோடு வருகிறவர்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் கிடைத்த மறுநாள், அதை வாங்கத்தான் அம்மாவும் நானும் டவுனுக்கு வந்திருந்தோம். உண்டியல்காரன் எங்களை மறித்து, இந்தப் பிள்ளைக்கு இருதயத்தில் ஓட்டை, ஆபரேசனுக்குக் காசில்லை என்றான். படத்திலிருந்தவளுக்கும் என் வயதுதான் இருக்கும். "குடும்மா, குடும்மா" என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தவள் நான்தான். இதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது!

அம்மா உடனே கொடுத்துவிடவில்லை. "எந்தத் தோட்டங்க? எத்தனாம் லயம்?" என்று கேட்டாள்; தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். தூரமாக இருக்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ, "டயகம, அக்கா, மேல் டிவிசன், மூணாம் லயம்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். அம்மா சப்பாத்துக் காசை அப்படியே அவனிடம் கொடுத்து, அவன் கிழித்துத் தந்த ரசீதுத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அவன் செய்த பிழை, எங்கள் ஆட்களிடம் விலாசம் சொன்னது. தோட்டத்தில் ஒருவருக்கு நோய்நொடி என்றால் காசு கொடுப்பதோடு காரியம் முடியாது; "ஒரு எட்டுப் பாத்துட்டு" வந்தால்தான் கொடுத்தது கொடுத்ததாகும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாரி பிஸ்கட் இரண்டு பெட்டிகளோடு, பஸ் மாறி பஸ் ஏறி, டயகமவில் இறங்கி, மூன்றாம் லயத்துக்கு மூச்சு வாங்க ஏறினோம். பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண், நாங்கள் வந்த விஷயத்தைக் கேட்டதும் கண்ணை விரித்தாள்.

"நல்லாக் கேட்டீங்க! எங்க லயத்துல அப்படி ஒரு புள்ளயும் இல்லீங்க. எல்லாம் அந்தா, பந்து அடிச்சிக்கிட்டுக் கெடக்குதுங்க."

"அப்பாடா!" என்று அம்மா நெஞ்சில் கைவைத்தாள். சப்பாத்துப் போயிற்றே என்று நான் 'ஓ'வென்று அழுதேன். அம்மாவுக்கோ, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. பிஸ்கட்டை அந்த லயத்துப் பிள்ளைகளுக்கே கொடுத்து, அந்தப் பெண் தந்த தேத்தண்ணியைக் குடித்து, பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "கட்டையில போறவன்! புள்ளைக்கு நோவுன்னு பொய் சொல்ல எப்படி வாய் வந்துச்சு?"

சனிக்கிழமை, அரை நாள் கொழுந்து எடுத்து "அரப்பேர்" என்கிற அரை நாள் கூலி மட்டும் பதிந்துகொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு டவுனுக்குப் போனாள். அதே இடம், அதே உண்டியல். "தம்பி, நாங்க டயகம போயிட்டு வந்தோம்" என்றாள். அவன் முகம் வெளுத்துவிட்டது. காசெல்லாம் ஆபீசுக்குப் போய்விட்டது, திருப்பித் தர முடியாது என்று இழுத்தான். அம்மா சண்டை போடவில்லை. அவன் பக்கத்திலேயே குடையை விரித்து நின்றுகொண்டு, காசு போட வந்த ஒவ்வொருவரிடமும், "டயகம மூணாம் லயமாம். நாங்க போய்ப் பாத்தோம், அப்படி ஒரு புள்ள இல்ல. நீங்களும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்து போடுங்க" என்று பொறுமையாகச் சொன்னாள். நீட்டிய கைகள் மடங்கின. பொலிஸ்காரர் ஒருவர் வந்து சிங்களத்தில் விசாரிக்க, அம்மா தன் அரைகுறைச் சிங்களத்தில் "மாத்தயா, ஒக்கோம பொரு" என்றாள்; எல்லாம் பொய் ஐயா என்று அர்த்தம். அவ்வளவுதான், சப்பாத்துக் காசு கைக்கு வந்துவிட்டது. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, "இந்தாங்க ஒங்க துண்டு" என்று ரசீதைத் திருப்பிக் கொடுத்தாள்.

போகத் திரும்பியவள் நின்றாள். "அப்ப இந்தப் புள்ள யாரு?"

"தெரியாதுக்கா. யாரோ குடுத்த படம்."

சப்பாத்து வாங்கி வீடு திரும்பும்போது நான் தரையிலேயே இல்லை. அம்மாவோ ஜன்னலைப் பார்த்தபடி, "அது எந்தத் தோட்டத்துப் புள்ளயோ, யாரு போய்ப் பாத்தாங்களோ" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

இப்போது பஸ் நிலையத்தில் உண்டியல் சத்தம் அவ்வளவாகக் கேட்பதில்லை. பிள்ளைகளின் படங்கள் வங்கிக் கணக்கு எண்ணோடு கைபேசிக்கே வந்துவிடுகின்றன. போன வாரம் அப்படி வந்த ஒன்றுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே காசு அனுப்பிவிட்டு, படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"பாவம் புள்ள. ஞாயித்துக்கெழம போவோமா? பிஸ்கட் வாங்கணும்" என்றாள்.

எந்தத் தோட்டம் என்று நான் கேட்டிருக்கவே இல்லை.