மயில்கழுத்துப் புடவையும் கன்னத்து மங்கும்

டியூப் லைட்டில் எந்தப் பட்டுப்புடவையும் தன் நிறத்தைக் காட்டாது. யாராவது அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் போய் நிற்க வேண்டும். எங்கள் கடையில் அந்த யாராவது நான்தான். வாரம் முழுக்க ஏனாத்தூர் காலேஜில் எம்.ஏ., சனி ஞாயிறு காந்தி ரோட்டில் பட்டுக்கடை. படித்துக்கொண்டே எங்காவது கால் கடுக்க நிற்கும் தோழிகளே, இது உங்களுக்குத்தான்.

வாசல்

மயில்கழுத்துப் புடவை பச்சையா நீலமா என்று வெயிலில் யாராலும் சொல்ல முடியாது. மூச்சு விட்டால் பச்சை, திரும்பினால் நீலம். தோளிலிருந்து வழியும் அந்த நிறத்துக்குள் நின்றால் பஸ் ஹாரன்கூடக் குளத்துக்கு அடியிலிருந்து கேட்பது போலிருக்கும். சொக்கிப்போய் நிற்பேன். கல்யாணப் புடவை எடுக்க வந்த ஓர் அம்மா, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "அப்படியே நில்லும்மா, மேகம் வந்துக்கினு இருக்குது, அதுலயும் ஒரு தடவ பாத்துடறேன்."

திட்டு

சித்திரை முடிவதற்குள் இரண்டு கன்னத்திலும் டீ சிந்தினது போலப் பழுப்புத் திட்டு. மங்கு என்றார்கள். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருநாள் மாம்பழக் கலர் புடவையோடு வாசலில் நின்றேன். மணப்பெண் புடவையை விட்டுவிட்டு என் கன்னத்தையே பார்த்தாள். அவள் அத்தை புடவையே வேண்டாம், மடித்து வை என்று சொல்லிவிட்டார். நான் வாதாட வாயைத் திறந்தேன், கூட வேலை செய்யும் செல்வி அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். முதலாளி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ரெண்டு வாரம் பாப்பம்மா, சரியாவலனா வேற பொண்ண வச்சிக்கிறேன்."

இரண்டு டாக்டர்கள்

தோல் டாக்டர் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றுதான் முதலில் கேட்டார். மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போனதற்கு லேடி டாக்டர் எழுதிய ஹார்மோன் மாத்திரை; கருத்தடைக்குக் கொடுப்பதும் அதேதான். அதைச் சாப்பிடும் சிலருக்கு வெயில் பட்டால் இப்படி ஆகுமாம். வெயிலைத் தவிர்க்கணும், சன்ஸ்கிரீன் போடணும், மாத்திரையை நீயாக நிறுத்தாதே, கொடுத்தவரையே கேள் என்றார்.

கேட்கப் போகவில்லை, சண்டைக்கே போனேன். முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்றதற்கு லேடி டாக்டர், வேறு மாத்திரை எழுதிக்கொண்டே, சாந்தமாகச் சொன்னார்: "வயசுப் பொண்ணு, வெயில்ல உனக்கு என்ன வேலை இருக்கப் போவுதுனு நெனச்சேம்மா."

முதலாளியின் தோள்

அடுத்த சனிக்கிழமை முகூர்த்தக் கூட்டம். வாசலுக்குப் போகச் சொன்னார் முதலாளி. முடியாது, மாத்திரை சாப்பிட்டதால் முகத்துக்கு வெயில் ஆகாது என்றேன். என்ன மாத்திரை என்றார். சத்து மாத்திரை என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம், கருத்தடை மாத்திரை என்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். செல்வி அக்கா முந்தானையால் பவுடரைத் துடைத்துத் தன் கன்னத்துத் திட்டைக் காட்டினார். தானும் அதே மாத்திரைதான், தானும் வெயிலுக்குப் போவதாக இல்லை என்றார்.

வேறு ஆளில்லை. முதலாளியே மயில்கழுத்தைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். மீசை வரைக்கும் நீலம் ஏறி, மெல்லப் பச்சையாகி, அந்த வாசலே தண்ணீருக்குள் அசைந்தது. பெண்வீட்டுக்காரம்மா வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓனருக்கு எடுப்பா இருக்குதுபா, இதையே பில்லு போட்டுடு."

மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்த தாளில் வெயிலைப் பற்றி இருந்த பொடி எழுத்து வரி ஒன்றை டாக்டர் வாயால் சொல்லியிருந்தால், நான் வாசலிலிருந்து கவுண்டருக்கு மாறியிருக்க மாட்டேன், எங்கள் முதலாளிக்குப் பட்டுப்புடவை இவ்வளவு பொருந்தும் என்பதும் ஊருக்குத் தெரியாமலே போயிருக்கும்.