ஜன்னலோர மெஷினின் சூடு

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. அப்பா பெரம்பூர் ரயில் பட்டறையில் ஸ்டோர்ஸில் இருந்தவர். கடையிலிருந்து வரும் சோப்புக் கட்டியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பார். அந்த ரத்தம்தான் எனக்கும். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தால் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த முதல் சில வருஷங்கள் நான் ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்த்தேன். ஏற்றுமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் பேப்பர் போட்டு, கன்டெய்னருக்கு சீல் வைத்து, கப்பலில் ஏற்றிவிடுகிற வேலை. மாடியில் ஒரே நீள ஹால், அதில் ஏழு கம்ப்யூட்டர். கடைசி ஜன்னலைத் திறந்தால் மீன்பிடித் துறைமுகத்துக் காற்று நேராக முகத்தில் அடிக்கும். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர். எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி.

ஒருநாள் கரண்ட் பில்லைக் கையில் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் வந்தால் பேப்பர் மிச்சமாகும் என்றார்கள், இப்போது பேப்பரும் போகிறது, கரண்டும் போகிறது, வாங்கி நாலு வருஷம் ஆகாத பெட்டியை மாற்று என்கிறார்கள், இந்தச் சேதாரத்தை எல்லாம் நீர்தான் நிறுத்த வேண்டும் என்றார். சந்தேகப்படுவதற்கே ஒருவன் சம்பளம் வாங்கலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒரே வாரத்தில் ஆபீஸைத் திருத்திவிட்டேன். சாப்பிடப் போகும்போது மானிட்டர் அணைய வேண்டும். தப்பாக வந்த பிரிண்டை நாலாகக் கிழித்துக் குறிப்பெழுத வைத்துக்கொள்ள வேண்டும். பிரிண்டருக்குப் புது ரிப்பன் கேட்பவர்கள் பழைய ரிப்பனில் அடித்த தாளைக் கொண்டுவர வேண்டும். நான் அதை டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எழுத்து தெரியவில்லை என்றால்தான் புதுசு. சாயங்காலம் ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை நானே இறக்கிவிட்டுத்தான் படியிறங்குவேன். எனக்குப் பின்னால் என்னை ‘மீட்டர்’ என்று கூப்பிட்டார்கள். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தேன். அடுத்த பில் குறைந்து வந்தது. அண்ணாச்சி எனக்கு மட்டும் தனியாகப் பிரியாணி வாங்கித் தந்தார். அதில் எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

காலையில் வந்ததும் ஒவ்வொரு கம்ப்யூட்டர் பெட்டியின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. ராத்திரி யாராவது ஓடவிட்டிருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். ஏழும் ஜில்லென்று இருக்கும். ஐப்பசி மாதம் ஒருநாள் ஏழாவது, கடைசி ஜன்னலோர மெஷின், சுட்டது. அணைந்துதான் இருந்தது, ஆனால் சுட்டது. மறுநாளும் அப்படியே.

கஸ்டம்ஸுக்கு ஏற்றுமதி பில் அனுப்புவது அந்த மெஷினில்தான். இன்டர்நெட்டும் அதில் மட்டும்தான். எனவே என் மூளை ஓட ஆரம்பித்தது. முதலில் அதில் உட்காரும் ஆபரேட்டர் பெண்ணைச் சந்தேகப்பட்டேன். அந்தப் பெண் எனக்குப் பிறகுதான் தினமும் வருகிறாள் என்பது நினைவுக்கு வந்ததும், சாவியை யாரிடமோ கொடுத்து அனுப்புகிறாள் என்று மாற்றிச் சந்தேகப்பட்டேன். அவளிடம் சாவியே கிடையாது என்பது அதற்கும் பிறகுதான் உறைத்தது. எதிர்த்தாற்போல் உள்ள டீக்கடையில் நாலு சாயங்காலம் உட்கார்ந்து, கடைக்காரர் பாய்லரைக் கவிழ்க்கும் வரை எங்கள் படியையே பார்த்தேன். ஒரு ஈ, காக்கா ஏறவில்லை. யாரும் வரவில்லை என்றால் வேறு ஆள் நிம்மதி அடைவான். நான், இவ்வளவு சாமர்த்தியமாக வருகிறார்களே என்று இன்னும் கொதித்தேன்.

சாவி இரண்டே பேரிடம் இருந்தது. ஒன்று அண்ணாச்சியிடம். இன்னொன்று, காலை ஏழு மணிக்கு வந்து திறந்து பெருக்கித் துடைக்கிற அக்காவிடம்.

அக்கா வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து வருவார். நாற்பதைத் தாண்டிய வயது. அதற்கு முன் காசிமேட்டில் கருவாட்டுக் குடோனில் இருந்தவர். எங்களிடம் மூன்று வருஷமாகத் தினக்கூலிதான். புது வருஷம் பிறந்ததும் பேரை ரெஜிஸ்டரில் ஏற்றி, மாசச் சம்பளமும் பி.எஃப்.பும் போட்டுத் தருகிறேன் என்று அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வருஷம் முழுக்க அக்கா அதையேதான் பேசிக்கொண்டிருந்தார். டம்ளர் கழுவும்போதும் அதே பேச்சு. ஜனவரிக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று என்னிடமே பலதடவை கேட்டிருக்கிறார்.

கம்ப்யூட்டரை மேலே துடைக்கலாம், பட்டனில் கை வைக்கக் கூடாது என்பது அக்காவுக்கு நான் போட்டிருந்த உத்தரவு. ஒருநாள் ஓரமாகக் கூப்பிட்டு, ஜன்னலோர மெஷினை நீங்கள் தொட்டீர்களா என்று கேட்டேன். “நான் இன்னாத்துக்கு சார் அத்தத் தொடப்போறேன்” என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த துணியைப் பார்த்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் தொழில் புத்தியைக் காட்டினேன். கன்டெய்னர் கதவுக்கு சீல் போடுவதுபோல, ஒரு துண்டுத் தாளில் கையெழுத்துப் போட்டு ஜன்னலோர மெஷினின் பட்டன் மேல் பசை தடவி ஒட்டினேன். காலையில் வந்தேன். தாள் ஒழுங்காக ஒட்டியிருந்தது, ஆனால் ஒரு ஓரம் புதுச் சோற்றுப் பருக்கையால் ஒட்டப்பட்டிருந்தது. பெட்டி சுட்டது. அதை இழுத்துத் திருப்பியபோதுதான் பின்பக்கம் அந்த முடிச்சைப் பார்த்தேன். பழைய புடவைத் துணியில் இறுக்கிக் கட்டிய, எலுமிச்சம்பழ அளவு முடிச்சு. பிரித்தேன். உள்ளே அரிசி.

துணியில் முடிந்த அரிசி, ஆள் பார்க்காத இடம், ஒட்டி மறைத்த சீல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நேராக அண்ணாச்சியிடம் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“தம்பி, நான் செய்வினையெல்லாம் நம்புத ஆளு இல்ல. ஆனா அத மொதல்ல என் மேஜையில இருந்து எடும்” என்றார்.

நான் எடுத்து மறுபடி முடிந்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, சாட்சிக்காக என் டிராயரில் பூட்டினேன். பிறகு அக்காவைக் கூப்பிட்டோம். சீலைக் காட்டியதும் அவர் மறைக்கவில்லை. ஆமாம், நான்தான் போட்டேன் என்றார். காலையில் ஏழு மணிக்கு வந்ததும் போட்டுவிட்டு, நான் வருவதற்குள் அணைத்துவிடுவாராம். எதற்கு என்று கேட்டார் அண்ணாச்சி.

“ஈரம் சார். கடல் காத்து அத்தாண்டதான் நேரா வருது. காத்தால கொஞ்சம் சூடு காட்னாதான் அது எழுந்துக்கும். போன மழைக்கி எழுந்துக்காம அந்தப் பொண்ணு குந்திகினு அழுதுச்சே, மத்தியானம் வெயிலு பட்டதும் தானா எழுந்துச்சு. நான் பாத்துகினுதான் இருந்தேன்.”

அரிசி எதற்கு என்று கேட்டதற்கு, உப்பு ஜாடியில் போடுவோமே, ஈரத்தை இழுக்கும், அதற்குத்தான் என்றார்.

நான் சிரித்தேன். கம்ப்யூட்டர் என்ன தோசைக்கல்லா, சூடு காட்டி வேலை வாங்க என்று கேட்டேன். ஹாலில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். சொன்னது உண்மையானால் ஏன் முதலில் தொடவே இல்லை என்று பொய் சொன்னீர்கள் என்றேன். தொடாதே என்று நான்தானே சொல்லியிருந்தேன், தொட்டேன் என்று எப்படிச் சொல்வார்? அது எனக்குத் தோன்றவே இல்லை. சாவி ராத்திரியில் வேறு கைக்குப் போகிறதோ என்று அண்ணாச்சியின் காதுபட நான்தான் சொன்னேன். அவர் அந்தப் பக்கம் யோசித்திருக்கவே இல்லை.

அண்ணாச்சி சாவியைக் கேட்டார். அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தார். “ஜனவரிக்கி இன்னும் அஞ்சு வாரம்தான் சார்” என்றார். வாளியையும் துடைப்பத்தையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் புதுச் சீல் ஒட்டினேன். மறுநாள் காலை ஏழு பெட்டியும் ஜில்லென்று இருந்தன. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் ஜன்னலோர மெஷின் எழுந்திருக்கவில்லை. வெயில் வரட்டும் என்று யாரோ சொன்னார்கள். அந்த வாரம் வெயில் வரவில்லை. நாலைந்து முறை சுவிட்சைப் போட்டு அணைத்ததில் உள்ளே ஏதோ பொட்டென்று தெறித்தது. அதற்குப் பக்கத்து மெஷினும் இரண்டே நாளில் போயிற்று. கஸ்டம்ஸுக்கு ஒரு பில் போகவில்லை, எங்கள் சரக்கை ஏற்றாமலே ஒரு கப்பல் போய்விட்டது. கம்ப்யூட்டரை யாரோ உள்ளே கைவைத்துக் கெடுத்துவிட்டார்கள், போனவள் வேலைதான் என்று நான் அப்போதும் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

ரிச்சி தெருவிலிருந்து மெக்கானிக் வந்தார். மூடியைக் கழற்றி என்னை எட்டிப் பார்க்கச் சொன்னார். போர்டில் செம்புக் கோடுகள் மேல் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. ஸ்குரூக்கள் துருவேறி மாவாக உதிர்ந்தன. உப்புக் காற்று, ராத்திரியெல்லாம் குளிர்ந்து கிடந்தால் ஈரம் இறங்கத்தானே செய்யும், தினமும் காயவைக்காமல் அது ஊறிய பிறகு கரண்டைக் கொடுத்தால் போர்டு எரிந்துதான் போகும் என்றார். கடலோர ஆபீஸ்களில் வேலை தொடங்கும் முன் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுக் காயவைப்பார்கள், ஜன்னலை அடைப்பார்கள். இந்த இடத்தில் இது போன மழையைத் தாண்டியதே பெரிது, யாரோ நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

டிராயரைத் திறந்து அந்தக் கவரைக் காட்டினேன். அவர் முடிச்சை அமுக்கிப் பார்த்தார். புது மெஷின் பெட்டிக்குள் சின்னப் பொட்டலம் போட்டு வருமே, ஈரம் இழுக்க, அதுதான் இது, அரிசிக்கு அவ்வளவு சக்தி இல்லை, ஆனால் போட்டவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்றார். பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடல் காற்று என்றால் சாயங்காலம் சட்டைக்குள் போகிற குளிர்ச்சி. கருவாட்டுக் குடோனில் நின்றவருக்குத்தான் அது என்ன செய்யும் என்று தெரியும்.

செத்த இரண்டு மெஷினையும் புளியந்தோப்பிலிருந்து வந்த பழைய சாமான்காரர் மீன்பாடி வண்டியில் ஏற்றினார். தெருவிலேயே ஒன்றைச் சுத்தியால் உடைத்து, ஒயரை உருவி, வேண்டாததைச் சாக்கடை ஓரத்தில் தள்ளினார். மானிட்டரை அணைத்து அணைத்து நான் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்தக் குவியலில் கிடந்தது. பேப்பரை நாலாகக் கிழிக்கச் சொன்னவன் நான்.

அக்காவைத் திரும்பக் கூப்பிடலாம் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். திருடி என்று அனுப்பிய ஆளை நானே போய் அழைத்தால் அப்புறம் எனக்கு என்ன மரியாதை என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் திருடி என்ற எண்ணத்தை அவர் தலையில் ஏற்றியவன் நான் என்பதால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. சாவியை மட்டும் நான் வாங்கிக்கொண்டேன். ஜன்னலை அடைக்கச் சொன்னேன். புது மெஷின் வந்தது. அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கு நானே போய்த் திறந்து, மானிட்டரை அணைத்தபடி பெட்டியை மட்டும் ஓடவிட்டேன். அரிசி முடிச்சையும் பழைய இடத்தில் வைத்தேன்.

பங்குனி வெயிலில் ஒருநாள் கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். நடுத்தெருவில் நாலு பேர் முன்னால் என்னைக் கிழிக்கப்போகிறார் என்று நினைத்து ஒரு லாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். அதற்குள் பார்த்துவிட்டார். கிட்டே வந்தபோதே கருவாட்டு வாடை வந்தது. மறுபடியும் அந்தக் குடோன்தான், தினக்கூலிதான் என்றார். தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“அந்த ஜன்னலாண்ட கீற மெசினு எப்டி சார் கீது? மழைக்கி எழுந்துச்சா?”

அது மீன்பாடி வண்டியில் போன கதையை என்னால் சொல்ல முடியவில்லை. “நல்லா இருக்குக்கா” என்றேன்.

“காத்தால சூடு காட்றீங்களா?”

“நான்தான் காட்டுறேன். ஏழு மணிக்கு.”

“அப்ப சரி” என்றார். பஸ் வந்தது, கையைக் காட்டிவிட்டு ஏறிப் போய்விட்டார். அவர் சொன்ன உண்மையை நான் சீல் வைத்துச் சோதித்தும் நம்பவில்லை. நான் சொன்ன பொய்யை, என் முகத்தை ஒருமுறைகூட உற்றுப் பார்க்காமல் அவர் நம்பிவிட்டார்.