கலையரசி வரைந்த படகோட்டி

கலையரசி இறந்துவிட்டாள். இன்று காலை, விழுப்புரம் ஆஸ்பத்திரியில்.

நேற்று எங்கள் ஞாயிறு ஆட்டத்துக்கு வருவதற்காக, தான் தங்கியிருந்த கூட்டேரிப்பட்டில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தவள் எழவே இல்லை. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள்... நாற்பதுகூட ஆகவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திண்டிவனத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து கதை விளையாட்டுப் புத்தகங்கள் போடுகிறோம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுவார்கள். விதிகளை நான் எழுதுவேன். பப்ளிஷர் பாஸ்கர் அண்ணன். படங்கள் எல்லாம் கலை.

முதல் புத்தகத்தில் ஒரு படகோட்டி வருவான். ஈரத் தலை, கையில் துடுப்பு, யாரையோ கிண்டல் பண்ணப்போகிற முகம். அது அவள் தம்பி செந்தில் என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

அவர்கள் வீடு மரக்காணம் பக்கம், கடலோரக் குப்பம். புத்தகம் வந்த வருஷம் மழைக்காலத்தில் கடலுக்குப் போன செந்தில் திரும்பவில்லை. படகு மட்டும் கரை ஒதுங்கியது.

காரியம் செய்ய அவன் அம்மா சம்மதிக்கவில்லை. "உடம்ப காட்டுங்க, அப்பறம் பேசலாம்" என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

இரண்டாவது புத்தகத்துக்குப் புதுப் படங்கள் வரைய நேரமில்லை. பாஸ்கர் அண்ணன் பழைய படங்களையே எடுத்து, வெட்டி, கலர் மாற்றிப் போட்டார். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

படகோட்டியின் முகம் பச்சையானது. கண்கள் வெள்ளையாகின. கீழே பெயர்... 'மூழ்கிய பிணம்'.

அச்சு ஓடிய அன்று கலை அட்டையைப் பார்க்கத்தான் பிரஸ்ஸுக்கு வந்தாள், நானும் அண்ணனும் அங்கே இருந்தோம். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அடுக்கிலிருந்து ஒரு தாளை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இத யாருண்ணா பண்ணது?"

"நான்தான் கலை. சோக்கா வந்திருக்குதுல்ல?"

"மெஷின நிறுத்துங்க."

அண்ணன் சிரித்தார். "இன்னா கலை, பாதி ஓடிடுச்சு. படத்த மறுபடி யூஸ் பண்ணிக்கலாம்னு அக்ரிமெண்ட்லயே இருக்குதே."

"நிறுத்துங்கண்ணா. அது எந்தம்பி."

அண்ணன் முகம் வெளிறிப்போனது. ஆனாலும் மெஷினைப் பார்த்தார், அடுக்கியிருந்த தாள்களைப் பார்த்தார். "சத்தியமா எனக்குத் தெரியாது கலை... ஆனா இப்ப நிறுத்தினா மொத்தமும் பேஜாராயிடும். கலர் மாத்திட்டோம், யாருக்கு அடையாளம் தெரியப்போவுது?"

கலை சத்தம் போடவில்லை. போனை எடுத்தாள், நம்பரை அழுத்தினாள், ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, பையன் பொணமாயிட்டான்னு. அத சொல்ல முடியாமதான் நான் இத்தினி மாசமா சுத்திக்கினு இருக்கேன்."

ரிங் போனது. எடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

எடுத்துவிட்டார்.

"சொல்லு கண்ணு... தம்பி பத்தி எதுனா தெரிஞ்சுதா?"

கலை போனை இறக்கவில்லை.

"அலோ... கலை? இன்னாடி சத்தம் அங்க? பேசேன்டி..." குரல் உடையத் தொடங்கியது. "கெடச்சுட்டானா?"

அண்ணன் போன் பக்கம் குனிந்தார். பிறகு, "அம்மா... கலைகூட வேல செய்யற பாஸ்கர் பேசறேன். ஒண்ணுமில்லம்மா. கை தவறி போன் வந்துடுச்சு. நல்லா இருக்கா... அப்பறமா பேசுவா" என்றார்.

போனை வாங்கிக் கட் பண்ணினார். மெஷின்காரரிடம் போய், "நிறுத்துப்பா" என்றார்.

மெஷின் நின்ற அமைதியில்தான் கலை அழுதாள். தாள் கட்டின் மேல் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொள்ளாமல்... அப்படி ஓர் அழுகையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அச்சான தாள் அத்தனையும் கழிவுக்குப் போனது. அந்தப் பக்கத்துக்கு அவளே புதிதாக ஒன்று வரைந்து கொடுத்தாள். முதுகு மட்டும் தெரிகிற ஓர் உருவம். புத்தகத்தில் எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான்.

மூன்றாவது புத்தகம் ஆரம்பித்தபோது அவளே பழைய படத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"இவன மறுபடி போடலாம்டி. ஆனா மூஞ்சில கை வெக்கக் கூடாது. ஒரு ரூல் எழுது. பகடையில எது விழுந்தாலும் இவன் சாவக் கூடாது."

"அப்டி ஒருத்தன வெச்சா ஆட்டமே கெட்டுடும்டி."

"கெடட்டும்."

எழுதினேன். விழுப்புரத்தில் ஆடியவர்கள் ஒருமுறை வேண்டுமென்றே புயலைக் கிளப்பி அவனைக் கொல்லப் பார்த்தார்கள். கலை பகடையை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். சிரித்துக்கொண்டேதான்... ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை.

இப்போது குப்பத்தில் அவள் அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பேனர் அடிக்க போட்டோ தேடினோம். எந்த குரூப் போட்டோவிலும் அவள் இல்லை, எல்லாவற்றையும் எடுத்தவளே அவள்தான்.

பாஸ்கர் அண்ணன் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா... படத்து ஓரத்துல கலை கையெழுத்து போடுவா. போட்டோவுக்குப் பதிலா பேனர்ல அத எடுத்துப் போட்டுக்கட்டுமா?"

"எந்தப் படத்துல?"

அண்ணன் தயங்கினார். "செந்தில வரஞ்ச படத்துலம்மா."

அம்மா கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கையெழுத்த மட்டும் எடுத்துக்கோப்பா. அந்தப் பேனர்ல அவன போட்டுடாத... அவன் வந்துடுவான்."

"சரிம்மா" என்றார் அண்ணன்.

நாளைக் காலை எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வாருங்கள்.

பார்த்துப் போடி, கலை.