மாமா வாய் மூடியிருந்த நாள்

அக்குறணைச் சந்தியில் மாடி வைத்த கடையை முதலில் எழுப்பியவன் நான். மிளகு மூட்டை அடுக்க, மழைத் தண்ணீர் புகாத கிட்டங்கி கட்டினேன். மாத்தளை வீதியோரம் ஒரு பாறையை உடைத்து வீடு வைத்தேன். அங்கே வீடு நிற்காது என்று சொன்னவர்கள் அத்தனை பேரும் அதே வீட்டில் கந்தூரிச் சோறு சாப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நான் இருந்த நேரத்தை விட வாத்தியார் என்னைத் தேடிய நேரம்தான் அதிகம். இவையெல்லாம் மீசை முளைத்த பிறகு செய்தவை. நான் முடித்துவைத்த முதல் காரியம் என் அக்கா, ராத்தாவின் கல்யாணம். அப்போது எனக்கு எட்டு வயது. மலேரியாக் காய்ச்சல் நாட்டைப் பிடித்து உலுக்கியதற்கு முந்தின வருஷம்.

எங்கள் மாமா, உம்மாவுக்கு மூத்த நானா, கண்டிக்குப் பாக்கு வண்டி ஓட்டியவர். மாடுகளோடு பேசிப் பேசியோ என்னவோ, மனிதரை மனிதப் பெயரால் கூப்பிட அவருக்கு வராது. நான் எருமைக் கன்று. உம்மா கொக்கரிக்கிற கோழி. ராத்தா பிறந்த நாளிலிருந்தே குரங்கு. நாய், பன்றி இரண்டும் மட்டும் அவர் வாயில் வராது. மற்றக் காடு முழுக்க எங்கள் வீட்டில் நடமாடியது. அவர் ஒரு நாள் ஏசாமல் போனால் உம்மாவுக்குச் சோறு இறங்காது.

கலகெதரயிலிருந்து ராத்தாவைப் பெண் பேச வருகிறார்கள் என்றதும் வாப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. ஏற்கெனவே வந்த ஒரு சம்பந்தம், மாமா மாப்பிள்ளையை 'நெட்டைக் கமுகு' என்றதால் எழுந்து போயிருந்தது.

"மச்சான், நாளைக்கு ஒரு நாளைக்கி மட்டும் மனுசப் பேச்சுப் பேசுங்க. அல்லாவுக்காகச் செல்றன்," என்று கெஞ்சிச் சொன்னார் வாப்பா.

"அதுக்கு நான் வாயத் தொறக்காம ஈக்கிறது லேசு," என்றார் மாமா. சத்தியமும் செய்து கொடுத்தார்.

மறுநாள் மாப்பிள்ளையின் வாப்பா முன்கூடத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக மாமா எதிரே இருந்தார். எங்கள் பக்கத்தில் தாய்மாமனின் வாய்ச்சொல் இல்லாமல் பெண் கொடுப்பதில்லை. அது வாப்பாவுக்கு அந்த நேரம் மறந்துபோனது.

"நீங்க என்ன செல்றீங்க நானா?" என்று வந்தவர் மாமாவைக் கேட்டார்.

மாமா "ம்" என்றார்.

"புள்ளட கொணத்த நீங்க செல்லித்தானே நாங்க அறியணும்."

மாமாவின் நெற்றி வியர்த்தது. கன்னம் உப்பியது. வாய் மட்டும் திறக்கவில்லை. வந்தவர் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டுக் குடையைத் தேடினார்.

"தாய்மாமனுக்கு விருப்பமில்லாத எடத்துல எங்களுக்கு என்ன பேச்சு?"

வாப்பா கையைப் பிசைந்தார். தம் மச்சான் வாய் திறந்தால் மிருகம்தான் வரும் என்று சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது? திரைக்குப் பின்னால் ராத்தாவின் வளையல் சத்தம் நின்றுபோனது. வந்தவருக்கு இனிப்பாக வைக்கச் செய்த வட்டிலப்பத் தட்டு என் கையில் இருந்தது. நேரே போய் மாமாவின் மடியில் கவிழ்த்தேன்.

"எட எருமக் கண்டே!" மாமா துள்ளி எழுந்தார். "ஆந்தைக்குத்தான் பகல்ல கண்ணு தெரியாது, ஒனக்குமா? கொரங்கு கையில பூமாலையக் குடுத்த மாதிரி, ஒன்ட கையில தட்டக் குடுத்துட்டு அந்தக் கோழி உள்ளுக்கு என்ன அட காக்கிறாளா?"

வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். வந்தவர் குடையைக் கீழே வைத்தார். சிரிப்பில் அவர் வயிறு குலுங்கியது.

"அட, பேசுவாரே! நான் இவ்வளவு நேரமும் பலாக்கட்டயோட பேசிட்டு ஈக்கன் எண்டுதான் நெனச்சன். இப்பச் செல்லுங்க, புள்ள எப்பிடி?"

"மொளகுக் கொடி," என்றார் மாமா, சாரத்தைத் துடைத்துக்கொண்டே. "எங்க நட்டாலும் புடிச்சி ஏறிடுவா. மரம் நேரா நிக்கணும், அவ்வளவுதான்."

"மரத்துக்கு நான் பொறுப்பு."

பேச்சு அங்கேயே முடிந்தது.

அவர்கள் போன பிறகு மாமா உள்வாசலில் வந்து நின்றார். "மகள், நீங்க சாப்பிட்டீங்களா?" என்று ராத்தாவைக் கேட்டார். குரங்கு என்றபோதெல்லாம் சிரித்தவள், அதைக் கேட்டதும் முந்தானையில் முகத்தைப் புதைத்து விம்மினாள். மாமாவும் நிற்காமல் வண்டிப் பக்கம் போய்விட்டார். இவ்வளவு மரியாதையாகப் பேசியதற்கு யாராவது அழுவார்களா என்று நான் மிச்ச வட்டிலப்பத்தை வழித்துத் தின்றுகொண்டிருந்தேன்.

ராத்தாவுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பெருநாளைக்குக் கூடினால், மாமாவின் நாக்கால் நடந்த கல்யாணம் என்று இந்தக் கதையைச் சொல்கிறார்கள். ராத்தாவின் பிள்ளைகளுக்கு நான் சின்ன மாமா; சின்ன மாமா கால் தடுக்கி விழுந்தார் என்று என்னையும் ஓரத்தில் சேர்க்கிறார்கள். என் கால் தடுக்கவில்லை. தட்டைக் கவிழ்த்தது நான், தெரிந்தே கவிழ்த்தேன். இனிமேல் அப்படியே சொல்லட்டும்.