கல்லுக்கு விழுந்த வழுக்கை

எங்கள் முடிதிருத்தும் கடையில் எல்லாமே அண்ணனுடையது. எங்கள் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீடு. கீழே கடை, மேலே இரண்டு குடும்பமாக நாங்கள். லைசென்ஸ் அண்ணன் பேரில். இரண்டு சுழல் நாற்காலியும் அண்ணன் வாங்கியவை. கண்ணாடி, மின்விசிறி, வானொலி, அந்த வானொலி என்ன பாட வேண்டும் என்கிற முடிவு, எல்லாம் அண்ணன். என்னுடையது என்று நான் கை காட்டக்கூடிய ஒரே பொருள், வாசல் பக்கச் சுவரோரம் இருந்த நாலடிக் கண்ணாடித் தொட்டி.

சாதாரண மீன்தொட்டி இல்லை, கடல்தண்ணீர்த் தொட்டி. உள்ளே கடலிலிருந்து வந்த பாறைகள், பாறைமேல் உயிருள்ள பவளம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குத் தெரிந்து அக்கம்பக்கத்தில் யாரிடமும் அது இல்லை. சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை. கப்பலில் வேலை பார்த்த ஒரு வாடிக்கையாளர் விட்டுப்போன இங்கிலீஷ் பத்திரிகைகளை, பக்கத்தில் அகராதி வைத்துக்கொண்டு, ஆள் வராத மத்தியானங்களில் படித்தேன். ஒரு பக்கம் முடிய ஒரு வாரம் ஆகும். தண்ணீருக்குத் தீவின் மறுகோடிக் கடற்கரையான தெலுக் பஹாங் போவேன். அங்கே மீனவர் ஒருவர் கரையிலிருந்து தள்ளிப் போய் பிளாஸ்டிக் டின்களில் மொண்டு வந்து தருவார். "கடல்ல தண்ணி குறைஞ்சா ஒன்னத்தான் கேப்பாங்க" என்பார்.

ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஒரு ஜோடி. ஒரு பாறையில் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பச்சைப் பவளம், பதினோரு பொத்தான். காலையில் விளக்கைப் போட்டால் ஒவ்வொன்றாக விரியும். முகம் மழிக்க உட்கார்ந்தவர்கூட சோப்பு நுரையோடு கழுத்தைத் திருப்புவார். "ஆடாதீங்கண்ணே, காது போயிடும்" என்று அண்ணன் அதட்டுவார்.

ஆறு மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு பாசி வந்தது.

முதலில் பாறையில் பச்சையாக ஒரு பூனைமுடி. ஒரே மாதத்தில் விரல் நீளம். தண்ணீர் ஓட்டத்தில் அது அலையும்போது, பாறை தலை குளித்துவிட்டு முடி காயவைப்பது மாதிரி இருக்கும். முடிதிருத்தும் கடையில் முடிப்பாசி வளர்ந்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? "தம்பி, கல்லுக்கு எப்போ கட்டிங்?" என்று ஒருவர். "எங்க தலையில இல்லாதத கொண்டுபோய் அங்க நட்டுட்டான்" என்று இன்னொருவர். அக்கரைக்கு ஆளேற்றிப் போகும் பெர்ரிப் படகில் கயிறு பிடிக்கிற வேலை செய்த ஒருவர், பெர்ரி அண்ணன் என்போம், எதிர்க்கரைப் பாகான் டாலாமிலிருந்து முடிவெட்ட எங்களிடம்தான் கடல் தாண்டி வருவார். அவர் தொட்டியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது வளர்ற வேகத்துக்கு மாசாமாசம் மொட்டை போட்டாத்தான்லா சரிப்படும்" என்றார்.

நான் அதையும் செய்தேன். என் தொழில்புத்தி அப்படி. சீப்பால் வாரிப் பிடித்து, தண்ணீருக்குள் கையை விட்டு, கத்தரியால் வெட்டினேன். அதைப் போன்ற மடத்தனம் வேறில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. வெட்டிய துண்டெல்லாம் மிதந்து போய் மற்ற பாறைகளில் ஒட்டிக்கொண்டு முளைத்தது. கத்தரியும் துருப்பிடித்தது. அது அண்ணனின் கத்தரி.

"மனுசன் தலைக்கு வச்சிருக்கிறத மீன் வீட்டுல விட்டிருக்கே, அறிவு இருக்கா ஒனக்கு?" என்று கத்தினார். அன்றைக்குத்தான் கெடுவும் வைத்தார். "தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இந்தக் குளம் தெளியலன்னா, தொட்டிய தூக்கிட்டு அந்த எடத்துல மூணாவது நாற்காலி போட்டுடுவேன். சீன தவுக்கேகிட்டயே திருப்பிக் குடுத்துடு."

தவுக்கே என்பது எனக்கு மீனும் பாறையும் விற்ற கடை முதலாளி. அவரிடம் ஓடினேன். விளக்கு அதிகம், தீனி அதிகம், இரண்டையும் குறை என்றார். குறைத்தேன். பாசி குறையவில்லை. பதினோரு பொத்தானில் ஆறைப் பாசி மூடிவிட்டது. மீதி ஐந்தும் பாதிதான் விரிந்தன.

யாரோ தீனி போடுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். காத்திருப்பவர்களுக்குக் கை சும்மா இருக்காதே. அட்டையில் 'மீனுக்கு எதுவும் போடாதீர்' என்று எழுதி ஒட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். பெர்ரி அண்ணன் ஒருநாள் தொட்டிப் பக்கம் குனிந்து நின்றார், கையில் பிஸ்கட் பொட்டலம். "அண்ணே, நீங்கதானா அது?" என்று கேட்டுவிட்டேன், பத்து பேர் முன்னால்.

அவர் நிமிர்ந்தார். "பசியாற வாங்கின பிஸ்கட்டுலா இது. நான் என்ன ஓம் மீன வெஷம் வச்சு கொல்லவா பெர்ரி ஏறி வரேன்?" கையிலிருந்த பாதிப் பிஸ்கட்டை உதறிப் போட்டுவிட்டு, எதிர்வரிசைக் கடைக்குப் போய் முடிவெட்டிக்கொண்டார். எங்கள் வாசலைத் தாண்டித்தான் பெர்ரித் துறைக்கு நடந்தார், புதுத்தலையைக் காட்டிக்கொண்டு.

அண்ணன் சவரக்கத்தியைத் தோலில் தீட்டியபடியே, "பாசி வாடிக்கையாளரையும் தின்னுடுச்சு" என்றார்.

இங்கே காலையில் கடை திறக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். கதவைத் திறந்ததும் சாமிப் படத்துக்குச் சூடம் காட்டி, விபூதியை எடுத்து, நாற்காலி, கண்ணாடி, கல்லாப்பெட்டி, கத்தரி, சீப்பு எல்லாவற்றிலும் தொட்டு வைப்பது என் வேலை. ஆரம்பத்தில் வாங்கிய வேறொரு மீன் செத்த பிறகு, தொட்டிக்கும் கண்ணேறு படாமல் இருக்கட்டும் என்று ஒரு சிட்டிகை தண்ணீரில் தூவ ஆரம்பித்திருந்தேன். பாசி வந்த பிறகு இரண்டு சிட்டிகை. வெள்ளிக்கிழமை மூன்று. பாசி கூடக்கூட என் பக்தியும் கூடியது.

அந்த விபூதி கடையில் விற்கிற வெள்ளைப் பவுடர் இல்லை. அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் மாடு வளர்க்கும் ஒருவர் சாணத்தை உருட்டிக் காயவைத்துச் சுட்டுச் சலித்துக் கொடுப்பார். அண்ணன் பெர்ரியும் பஸ்ஸும் ஏறிப் போய் வாங்கி வருவார். அசல் என்றால் அசல்.

ஒரு காலை, ஒருவர் கன்னத்தில் நுரை போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி பின்கட்டில் பக்கத்து வீட்டு அக்காவோடு சுவருக்கு மேலாகப் பேசுவது கேட்டது. எங்கள் கறிவேப்பிலைச் செடி எப்படி இத்தனை கொழுகொழுவென்று இருக்கிறது என்று அந்த அக்கா கேட்கிறார்.

"ஒரு மந்திரமும் இல்லக்கா. கடையில மிஞ்சுற விபூதி, சாம்பிராணித் தட்டுச் சாம்பல், எல்லாத்தையும் வேருல கொட்டிடுவேன். சாணிச் சாம்பல்லா, எந்தச் செடியும் தளதளன்னு வந்துடும்."

என் கையில் பிரஷ் நின்றுவிட்டது. "தம்பி, மூக்குல ஏறுது" என்று நாற்காலியில் இருந்தவர் தும்மிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. எந்தச் செடியும். பாசியும் செடிதானே? எட்டு மாதமாக நான் பாறைக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "ஒன் சோம்பேறித்தனத்துக்கு சாமி விபூதி மேல பழி போடறியா?"

"பழி இல்லண்ணே, சோதிச்சுப் பாக்கலாம்."

"சாமியையா?"

"பாசியை."

ஊறுகாய் போத்தல் இரண்டைக் கழுவினேன். ஒரே டின்னிலிருந்து தண்ணீர், ஒரே பாறையிலிருந்து பிடுங்கிய பாசி, ஒரே அளவு. அளவு பார்க்க என் சீப்பு இருந்தது. இரண்டையும் வாசல் வெளிச்சத்தில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தேன். ஒன்றில் மட்டும் தினம் ஒரு சிட்டிகை. அதை நான் போடவில்லை. அண்ணனே போடட்டும் என்று விட்டுவிட்டேன். அவரும் நெற்றியில் பூசிய கையோடு, வேண்டிக்கொண்டே போட்டார்.

கடைக்கு அப்போது வந்த கூட்டத்தைச் சொல்லி முடியாது. முடி வளராதவர்கள்கூட வந்தார்கள். விபூதிப் போத்தல் பக்கம் ஒரு கட்சி, வெறும் போத்தல் பக்கம் ஒரு கட்சி, தோற்றவர் தேத்தண்ணி வாங்கித் தரவேண்டும். அக்கரை செபராங் ஜெயாவிலிருந்து வரும், ஆபீஸில் எழுத்தர் வேலை பார்க்கும் கிராணி ஒருவர் காற்சட்டைப் பையிலிருந்து அளவுகோல் எடுத்து அளந்து, "இன்னிக்கு நிலவரம்" என்று அறிவிப்பார். முதல் நாலு நாள் வித்தியாசமே இல்லை. அண்ணன் சிரித்தார். ஏழாம் நாள் சிரிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் விபூதிப் போத்தலுக்குள் காடு, எதிர்ப்பக்கம் தெரியவில்லை. வெறும் போத்தலில் பாசி வெளுத்து, அடியில் சுருண்டு கிடந்தது.

அண்ணன் இரண்டையும் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.  அன்றைக்கு முழுக்க வானொலியைக்கூடப் போடவில்லை. எனக்கு ஜெயித்த சந்தோஷம் வரவேயில்லை; அவர் நம்பிக்கையில் கை வைத்துவிட்டேனோ என்று இருந்தது.

மறுநாள் நான் கீழே இறங்குவதற்குள் அண்ணன் கடையைத் திறந்திருந்தார். தொட்டியின் வெளிக்கண்ணாடியில், நட்டநடுவே, மூன்று விரலால் இழுத்த பட்டை. பளிச்சென்று.

"உள்ள போட்டாத்தான் அதுக்குச் சோறு. வெளிய போட்டா அருள்தான்" என்றார். பிறகு, "தீபாவளிக்கு ஏழு வாரம் இருக்கு. கெடு கெடுதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

ஏழு வாரம். பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கடல்தண்ணீர் ஊற்றிய பேசினில் வைத்து, நகம் தேய்க்கும் பிரஷால் தேய்த்தேன். தொட்டிக்குள் ஒரு துண்டு மிதக்க விடவில்லை. அடிமணலைக் கிளறினால் சாம்பல் நிறத்தில் புகை கிளம்பியது. அத்தனை நாள் பக்தியும் அங்கேதான் படிந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த மணலைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன். வாராவாரம் தெலுக் பஹாங், வாராவாரம் புதுத் தண்ணீர். விளக்கு ஏழு மணி நேரம்தான். தவுக்கே தந்த நத்தைகள் இருபது. அவை பாறைமேல் மெதுவாக ஊர்ந்து பாசியை மேய்ந்துகொண்டே போகும். போன தடம் மெஷின் போட்ட மாதிரி சுத்தமாக இருக்கும்.

மூன்றாம் வாரம் வரை அது என்னை ஏமாற்றியது. தேய்த்த இடத்தில் மறுபடி பச்சை. நாலாம் வாரம் முளைத்தது குட்டையாக இருந்தது. ஐந்தாம் வாரம் நிறம் மங்கியது. ஆறாம் வாரம் பெரிய பாறையின் உச்சியில் வட்டமாக ஓர் இடம் வெறுமையாகத் தெரிந்தது, ஊதா நிறத்தில், வழவழவென்று. கிராணிதான் முதலில் பார்த்தார். "எல்லாரும் வாங்கலா! கல்லுக்கு வழுக்கை விழுந்திடுச்சு!" என்று கூவினார். வழுக்கை விழுந்ததற்குக் கைதட்டிய முடிதிருத்தும் கடை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இன்னொரு பாக்கி இருந்தது. ஓர் ஓய்வுநாள் பெர்ரி ஏறினேன். பெர்ரி அண்ணன் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி. பக்கத்தில் போய், "அண்ணே, தப்பு என்னோடது. தீனி போட்டது நான்தான், விபூதி ரூபத்துல" என்று முழுக்கதையும் சொன்னேன். அவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் இரண்டு பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்து, குரலைத் தாழ்த்தி, "ரெண்டே தடவதான் தம்பி போட்டேன். க்ரீம் பிஸ்கட். அதுவும் சின்னத் துண்டு" என்றார்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒரு தச்சரோடு வந்தார். தச்சர் நாடாவை இழுத்துத் தொட்டிப் பக்கம் அளக்க ஆரம்பித்தார்.  நான் முடி வெட்டிக்கொண்டிருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து நின்றேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி. பாறைகள் ஊதாவாக. பொத்தான் பவளம் முழுக்க விரிந்திருந்தது. பாசி மூடிய ஆறில் நாலு பிழைத்து, புதுசாகக் குட்டிகளும் விட்டு, எண்ணினால் பதினாறு. இன்னும் என்ன தெளியவேண்டும்?

"அண்ணே, கெடு முடியல."

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. தச்சரிடம், "நீளமா ஒரு பெஞ்சு. முதுகு சாஞ்சு ஒக்கார்ற மாதிரி. மூஞ்சி இந்தப் பக்கம், தொட்டியப் பாத்த மாதிரி இருக்கணும்" என்றார். பிறகுதான் என் பக்கம் திரும்பி, "மூணாவது நாற்காலிக்கு எங்க எடம் இருக்கு?" என்றார், நான் கேட்டதுபோல.

தீபாவளிக்கு முதல்நாள் காலையிலிருந்தே கூட்டம். பெஞ்சு நிரம்பி வாசல்படியில் ஆட்கள். பெர்ரி அண்ணன் இரண்டு மாதத் தலைமுடியோடு வந்து நடுவில் உட்கார்ந்திருந்தார், எதிர்வரிசைக் கடைக்கு அவர் அந்த ஒரு தடவைக்குப் பிறகு போகவேயில்லை. அவர் முறை வந்தது. நான் துணியை உதறிக்கொண்டு கூப்பிட்டேன். ஜோடி மீனில் ஒன்று பாறையைச் சுத்தம் செய்து முட்டையிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. பெஞ்சு முழுக்க முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"அடுத்த ஆள அனுப்பு தம்பி" என்றார் அவர், கண்ணை எடுக்காமல்.

அடுத்த ஆள் கிராணி. "எனக்கு அவசரமில்ல, எனக்குப் பின்னால உள்ளவர விடுங்க."

பின்னால் உள்ளவரும் எழுந்திருக்கவில்லை. வருஷத்திலேயே கூட்டம் அதிகமான நாளில் எங்கள் இரண்டு நாற்காலியும் காலி. அண்ணன் சீப்பைக் கண்ணாடி மேடையில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பெஞ்சில் இருந்தவர்களை இடித்து நகர்த்தி, பெர்ரி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ ஏன்டா நின்னுக்கிட்டு இருக்கே?" என்று என்னைப் பார்த்து அதட்டினார். "ஒந்தொட்டிதானே? வந்து எங்களுக்கு வெளக்கிச் சொல்லு."