கோதுமையும் ஒரு கை மெஷினும்

யுத்த காலத்தில் ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமை கொடுக்க ஆரம்பித்தபோது எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். செந்துறைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அரியலூருக்கு வந்திருந்தேன். என் கணவர் ரயிலடியில் சாமான் கொட்டகைக் குமாஸ்தா. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓட்டு வீடு. வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அவர், நான், அவருடைய அக்கா.

அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். முப்பது வயதுகூட ஆகவில்லை. பத்தொன்பது வயதில் கணவனை இழந்து தம்பியிடம் வந்தவர். எங்கள் பக்கம் காட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு அவ்வளவு கட்டுப்பாடு கிடையாது. ஆனால் இது குமாஸ்தா வீடு. அண்ணி வெள்ளைச் சேலையில், பின்கட்டிலேயே இருந்தார். காலையில் தம்பி வேலைக்குக் கிளம்பும்போது எதிரே வரமாட்டார். எதிர்வீட்டு ரயில் கார்டு வேலைக்குப் புறப்படுகிற நேரத்தில் அவர் மனைவி முதலில் வாசலுக்கு வந்து, எங்கள் வீட்டுப் பக்கம் வெள்ளைச் சேலை தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவரை வரச் சொல்வாள். அண்ணிக்கு அது தெரியும். அந்த நேரத்தில் அவர் கேழ்வரகு அரைத்துக்கொண்டிருப்பார்.

அரைப்பது அவருடைய வேலை. பின்கட்டில் ஒரு திருகை இருந்தது. மேல்கல்லின் குழியில் இடது கையால் தானியத்தைப் போட்டுக்கொண்டே வலது கையால் முளையைப் பிடித்துச் சுற்றுவார். நான் உதவப் போனால் வேண்டாம் என்று விடுவார். அந்தக் கல்லைத் தொட விட்டால் அந்த வீட்டில் தனக்கென்று எதுவும் மிஞ்சாது என்று நினைத்தாரோ என்னவோ. அப்போது எனக்கு அது புரியவில்லை, கோபம்தான் வந்தது.

கோதுமையை என்ன செய்வது என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்குக் கோதுமை என்றால் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி, கடையில் விற்கிற அல்வா, அவ்வளவுதான். அரிசி மாதிரி வேகவைத்துப் பார்த்தோம். குழம்பு ஊற்றிப் பிசைந்தால் பிசையவும் வராது, மென்றால் மென்றுகொண்டே இருக்கலாம். என் கணவர் ஒரு கவளத்தை மென்று முடிப்பதற்குள் ஆபீஸ் மணி அடித்துவிடும். திருகையில் அரைத்தால் தோல் ஒட்டிக்கொண்டு குருணையாக விழுந்தது. கேழ்வரகுக்குக் கொத்திய கல், கோதுமைக்குச் சரியாக வரவில்லை.

அந்தச் சமயத்தில் ரயில் பாதை இன்ஸ்பெக்டராக இருந்த சட்டைக்காரத் துரைக்கு, ஆங்கிலோ இந்தியர் அவர், மாற்றலாகியது. அவர் சாமான்களைக் கட்டி அனுப்ப என் கணவர் உதவியிருக்கிறார். துரையின் மனைவி, எடுத்துப்போக வேண்டாம் என்று ஒதுக்கிய பொருள்களில் ஒன்றை இவரிடம் கொடுத்துவிட்டாள். கோணிப்பையில் சுற்றி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே இரும்பில் ஒரு மாவு மெஷின். மேலே புனல் போல அகன்ற வாய், பக்கத்தில் நீளமான கைப்பிடி, அடியில் பெஞ்சு விளிம்பில் மாட்டி முடுக்குகிற திருகு. நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அவர் அதைக் கழற்றி மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, திரும்பப் பூட்டி, பெஞ்சில் மாட்டினார். ஒரு படி கோதுமையைக் கொட்டிச் சுற்றினார். இரண்டாக உடைந்த கோதுமை விழுந்தது. இன்னும் முடுக்கிச் சுற்றினார். கைப்பிடி நின்றுவிட்டது. துரைசானி கெட்டுப்போனதைத் தலையில் கட்டிவிட்டாள் என்று சொல்லி, மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். அண்ணி கதவோரம் நின்று பார்த்துவிட்டுத் திருகைக்குத் திரும்பினார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்த மாதிரி எனக்குப் பட்டது.

எனக்கு அந்த மெஷினை விட்டுவிட மனம் வரவில்லை. மேலே போடுவது கோதுமை, கீழே விழுவது மாவு. நடுவில் அந்த இரும்பு வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒருநாள் என் கணவர் வேலைக்குப் போனதும் மெஷினை இழுத்து வெளியே போட்டேன். முன்பக்கம் இரண்டு காது வைத்த மரை இருந்தது. அதைத் திருகித் திருகிக் கழற்றினேன். மூடி வந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் இரண்டு இரும்புப் பில்லைகள். ஒன்று மெஷினோடு சேர்ந்து நிற்கிறது, இன்னொன்று கைப்பிடியோடு சேர்ந்து சுற்றுகிறது. நத்தைக் கூடு மாதிரி மரை போட்ட ஒரு கம்பி தானியத்தை அவற்றின் நடுவே தள்ளுகிறது. எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டேன். திரும்ப எது முதலில், எது பிறகு என்று தெரியவில்லை. கையெல்லாம் கறுப்பு.

அப்போது அண்ணி வந்து நின்றார். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் குந்தி உட்கார்ந்து ஒரு பில்லையை எடுத்தார். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் நடுவிலிருந்து விளிம்பு வரை பள்ளம் பள்ளமாக வெட்டு. கட்டைவிரலால் அந்தப் பள்ளங்களைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“இதுவும் திருகைதான் புள்ள. நம்மளுது படுத்துக் கெடக்கு, இது நிமிந்து நிக்குது” என்றார்.

பிறகு, இவை இரண்டும் எப்படிப் பூட்டியிருந்தன என்று கேட்டார். நான் நினைவுபடுத்திச் சொன்னேன். ஒரு பில்லையின் வெட்டுப் பக்கமும் இன்னொன்றின் வழவழப்புப் பக்கமும் எதிரெதிரே இருந்தன. அண்ணி சிரித்தே நான் பார்த்ததில்லை, அன்றைக்குச் சிரித்தார்.

“என் தம்பி தொடைச்சு மாட்டுன லட்சணம். பல்லும் பல்லும் பாத்தாதானே கடிக்கும்?”

இரண்டு பேரும் சேர்ந்து சரியாகப் பூட்டினோம். முதல் இரண்டு பிடி கோதுமை மண்ணெண்ணெய் வாடையோடு கறுத்து விழுந்தது. அதைக் கொல்லையில் ஒரு குழி தோண்டிக் கொட்டி மண்ணைத் தள்ளினோம். மூன்றாவது பிடியில் மாவு வந்தது. அண்ணி காதைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே முன்பக்க மரையைக் கால் சுற்று முடுக்குவார், கொஞ்சம் தளர்த்துவார். கரகரவென்று இருந்த சத்தம் சீறல் மாதிரி மாறியதும் கையை எடுத்தார். விரலிடுக்கில் மாவைத் தேய்த்துப் பார்த்து என் கையிலும் கொஞ்சம் வைத்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரிதான். அண்ணி ஒரே கேழ்வரகைத் திருகையில் பாதி, மெஷினில் பாதி அரைத்து, கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லச் சொல்வார். ஒருநாள் காய்ந்த மிளகாயைப் போட்டுப் பார்த்தோம். அடுத்த மூன்று நாள் ரொட்டி காரமாக இருந்தது. என் கணவர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே, ஏன் என்று கேட்டார். நாங்கள் சொல்லவில்லை. கோதுமையில் இலேசாகத் தண்ணீர் தெளித்து, பிசறி, ஒரு ராத்திரி மூடி வைத்து அரைத்தால் தோல் தூளாகாமல் தகடு தகடாக வருகிறது, சலித்தால் மாவு வெளுப்பாக நிற்கிறது என்று கண்டுபிடித்தது அண்ணிதான். யாரும் சொல்லித் தந்ததல்ல. மழையில் நனைந்த ஒரு பை கோதுமையை வீணாக்க மனமில்லாமல் அரைத்துப் பார்த்ததில் தெரிந்தது.

ரொட்டி வாசனை தெருவுக்குப் போனது. ஒருநாள் மத்தியானம் எதிர்வீட்டுக் கார்டு மனைவி ஒரு கூடைக் கோதுமையோடு வாசலில் வந்து நின்றாள். என்னிடம்தான் கேட்டாள். நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். அண்ணி வெளியே வரவில்லை. பின்கட்டிலிருந்தே, என்னைப் பார்த்துச் சொன்னார்:

“இன்னைக்கு வச்சுட்டுப் போவச் சொல்லு. தண்ணி தெளிச்சு வைக்கணும். காலையில ஏழு மணிக்கு அவங்களே வந்து வாங்கிக்கட்டும். வெயில் ஏறுனா ஈரம் காஞ்சுரும்.”

ஏழு மணி என்பது கார்டு வேலைக்குக் கிளம்புகிற நேரம். அந்தப் பெண் ஒரு நிமிஷம் கூடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கீழே வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் வந்தாள். அண்ணி மெஷினைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் எதிரே உட்கார்ந்து, விழுகிற மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதிர்வீட்டு வாசலில் கார்டு பெட்டியும் கொடியுமாகக் காத்திருந்தார். மாவை வாங்கிக்கொண்டு அவள் போய்த்தான் அவரைக் கிளம்பச் சொன்னாள். அவர் வேலைக்குப் போனார், வேலை முடிந்து திரும்பியும் வந்தார். அடுத்த வாரம் தெருவில் நாலு வீட்டுக் கோதுமை எங்கள் பின்கட்டில் மூடி வைத்திருந்தது. எல்லாருக்கும் காலை ஏழு மணிதான்.

நான் ஒருநாள் கேட்டேன், ஈரத்துக்காகத்தான் அந்த நேரம் சொன்னீர்களா அண்ணி என்று. அவர் மாவைச் சலித்துக்கொண்டே, “ஈரமும் காயும்ல” என்றார்.

ஒரு வருஷம் போனதும் மாவு மறுபடி கொரகொரப்பாக விழ ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் பில்லையின் பள்ளங்கள் தேய்ந்து மழுங்கிவிட்டன. ரயிலடிப் பட்டறைக் கொல்லரிடம் காட்டி வருவதாக என் கணவர் பில்லையை வாங்கிக் கையில் எடுத்தார். அண்ணி, தானே வந்து சொல்ல வேண்டும், இவனுக்கு எதுவும் தெரியாது என்றார். தம்பி பில்லையை அவர் கையில் வைத்தார். பிறகு குடையை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பத்து வருஷத்தில் அண்ணி வாசலைத் தாண்டி ரயிலடிக்குப் போனது அன்றைக்குத்தான். கொல்லர், இது வார்ப்பிரும்பு, காய்ச்சி அடித்தால் உடைந்துவிடும், திருச்சியில் புதுப் பில்லை கிடைக்கிறதா பாருங்கள் என்றார்.

அதனால் ரயிலேறினோம், நானும் அண்ணியும். அண்ணிக்கு அதுதான் முதல் ரயில். லால்குடி வரும்வரை, சக்கரம் தண்டவாளத்தை விட்டு ஏன் நழுவவில்லை என்று கேட்டுக்கொண்டு வந்தார். திருச்சியில் இரும்புக்கடை இரும்புக்கடையாக ஏறி இறங்கினோம். யுத்தத்தில் சீமைச் சாமான் எதுவும் வருவதில்லை என்று எல்லாரும் கையை விரித்தார்கள். கடைசிக் கடைக்காரர், வேண்டுமானால் முக்கோண அரம் ஒன்று எடுத்துப்போய்ப் பள்ளத்தை நீங்களே ராவிப் பாருங்கள், பொறுமை வேண்டும் என்றார். அண்ணி அதை வாங்கிக்கொண்டார்.

ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் ஒரு சந்தில், என்ஜின் வைத்து ஓட்டுகிற மாவு மில் இருந்தது. தோல்பட்டை சுற்றுகிற சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. அண்ணி உள்ளே போய்விட்டார். மில்காரரிடம் கேட்டு, மாவு விழுகிற துணிக்குழாயின் அடியில் கையை நீட்டினார். சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“ஏ புள்ள, மாவு சுடுது” என்றார்.

நானும் கையை வைத்தேன். சுட்டது. ரயிலில் திரும்பும்போது அதே பேச்சுதான். தேய்ப்பதால் சூடு வருகிறது என்றேன் நான். அப்படியானால் நம் மெஷினிலும் தேய்கிறதே, அதில் ஏன் இல்லை என்றார் அவர். என் கணவரிடம் கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து அண்ணி இரண்டு பில்லைகளையும் அரத்தால் ராவி முடித்தார். விரல்களில் தோல் உரிந்திருந்தது. மெஷினைப் பூட்டி, ஒரு படி கோதுமையைக் கொட்டி, என் விரலை மாவு விழுகிற இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மூச்சு வாங்க வாங்கச் சுற்றினார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். சுடுகிறதா என்பது மாதிரி என்னைப் பார்த்தார்.

இலேசான சூடு இருந்தது. இருக்கிறது என்றேன். கைப்பிடியை விட்டுவிட்டு, தானும் விரலை வைத்துப் பார்க்க ஓடி வந்தார்.